செடியில ஒட்டியிருக்கற பூச்சி யாருன்னு கண்டுபிடிக்க எது சரி: கைலென்ஸா, ஆப்பா, ஆளுங்களா, லேபா?

இலையைத் திருப்பினா வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிட்டு இருக்கு, இன்னொரு செடியில தண்டு முழுக்க பழுப்பு மரு மாதிரி வரிசையா உக்காந்திருக்கு, கீழ் இலையெல்லாம் பிசுபிசுன்னு கருத்துப் போயிருக்கு, எறும்பு வேற சாரை சாரையா ஏறி இறங்குது. சாறு உறிஞ்சுற பூச்சின்னு புரியுது, எதுன்னு புரியல. இந்த இடத்துல நின்னுட்டு நிறைய பேர் கேக்கறாங்க, லென்ஸ் வாங்கவா, போன்ல ஆப் போதுமா, தெரிஞ்சவங்களுக்கு போட்டோ அனுப்பவா, இல்ல பூச்சியையே பிடிச்சு லேபுக்கு அனுப்பணுமான்னு.

நாலுமே நான் பண்ணியிருக்கேன், நாலுலயுமே ஏமாந்தும் இருக்கேன். அதனால நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்.

## முதல்ல எதை வச்சு எடை போடறது

எவ்ளோ தூரம் பேர் வேணும்? இதுதான் முக்கியமான கேள்வி, இதை யாரும் கேட்டுக்கறதே இல்ல. "மாவுப்பூச்சி"ங்கறது ஒரு குடும்பத்தோட பேரு, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல இனம் இருக்கு. வீட்டுச் செடிக்கு என்ன பண்ணலாம்னு முடிவெடுக்க பெரும்பாலும் குடும்பப் பேரு தெரிஞ்சா போதும், இனத்தோட பேரு தேவையே படாது. ஆனா குடும்பமே தப்பாச்சுன்னா எல்லாமே தப்பு. சிலந்திப்பேன் பூச்சியே கிடையாது, அதைப் பூச்சின்னு நெனச்சு இமிடாகுளோபிரிட் மாதிரி பூச்சிமருந்து ஊத்தினா அது சாகாது, சில நேரம் அதிகமாவும் ஆகும்.

தப்பாச்சுன்னா யாருக்கு நஷ்டம்? அசுவினியை வெள்ளை ஈன்னு சொல்லிட்டா பெரிய மோசம் இல்ல, ரெண்டுக்கும் சோப்புத் தண்ணி ஓரளவு வேலை செய்யும். பொறிவண்டு புழுவை மாவுப்பூச்சின்னு சொல்லிட்டா, மாவுப்பூச்சியைத் தின்னு நமக்கு இலவசமா வேலை செஞ்சிட்டு இருந்த ஆளை நாமளே கொன்னாச்சு.

எவ்ளோ நேரம் இருக்கு? வெயில் காலத்துல அசுவினிக்குட்டி பிறந்து ஒரு வாரம் பத்து நாள்ல தானே குட்டி போட ஆரம்பிச்சுடும், அதுவும் ஆணே இல்லாம. செதில் பூச்சி அப்படி இல்ல, நிதானமான ஜாதி, ரெண்டு வாரம் யோசிச்சாலும் ஒண்ணும் ஓடிப் போகாது.

உயிரோட இருக்கறப்ப பாக்க முடியுதா? தொட்டா குதிக்குதா, நடக்குதா, பறக்குதா, அசையவே மாட்டேங்குதாங்கறதுல பாதி பதில் இருக்கு. போட்டோவுல அது வராது, சாராயத்துல போட்ட பூச்சிக்கிட்டயும் வராது.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத செலவுன்னு ஒண்ணு ஒவ்வொண்ணுலயும் ஒளிஞ்சிருக்கு, அதை அங்கங்க சொல்றேன்.

## கைலென்ஸும் ஒரு பல்குச்சியும்

என் ஓட்டு இதுக்குத்தான்னு இப்பவே சொல்லிடறேன், அதனால இங்க கொஞ்சம் நீட்டுவேன்.

10 எக்ஸ், அதாவது பத்து மடங்கு பெருசா காட்டற மடக்கு லென்ஸ் போதும். அதுக்கு மேல போனா பார்வை வட்டம் சின்னதாகி, வெளிச்சம் கொறஞ்சு, கை நடுங்கறதுதான் பெருசா தெரியும். நிறைய பேர் லென்ஸை இலைக்கு மேல பிடிச்சுட்டு தூரத்துல இருந்து எட்டிப் பாக்கறாங்க, அப்படிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. லென்ஸைக் கண்ணுக்கிட்ட ஒட்டி வச்சுக்கணும், இலையைத்தான் கிட்ட கொண்டு வரணும், சுமார் ரெண்டரை சென்டிமீட்டர் தூரத்துல பளிச்சுன்னு தெரியும்.

ஆனா லென்ஸை விட பெரிய கருவி அந்தப் பல்குச்சி. பாக்கறதுக்கு முன்னாடி செடியை லேசா உலுக்குங்க, அப்புறம் கிளைக்கு அடியில வெள்ளைப் பேப்பர் வச்சு ரெண்டு தட்டு தட்டுங்க, அப்புறம் ஒவ்வொண்ணா குச்சியால பின்பக்கமா தள்ளிப் பாருங்க. இந்த மூணையும் பண்ணா வர்ற பதில் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

| என்ன பாக்கறீங்க | பெரும்பாலும் யாரு | இன்னொரு சாட்சி |
|---|---|---|
| உலுக்கினதும் வெள்ளைப் பொடி மாதிரி பறந்து திரும்ப இலைக்கடியில உக்காருது | வெள்ளை ஈ | இலைக்கடியில அசையாத தட்டையான குஞ்சுகள், காலிக் கூடுகள் |
| கூட்டமா கொழுந்துல, தள்ளினா மெதுவா நடக்குது | அசுவினி | பின்னாடி ரெண்டு சின்னக் குழாய், பக்கத்துல வெள்ளையா உரிச்ச தோல் |
| கணுவுல பஞ்சு, தள்ளினா சோம்பேறியா நகருது | மாவுப்பூச்சி | உடம்புல குறுக்கு வரி, ஓரத்துல மெழுகு முள் |
| மரு மாதிரி, தள்ளினாலும் நகராது | செதில் பூச்சி | ஊசியால புரட்டிப் பாக்கணும் (கீழ சொல்றேன்) |
| பக்கவாட்டுல நண்டு மாதிரி ஓடுது, அப்புறம் குதிக்குது | தத்துப்பூச்சி | ஆப்பு மாதிரி கூரான உடம்பு |
| பின்னாடி வெள்ளை மெழுகு வால், தொட்டதும் எகிறிக் குதிக்குது | மெழுகுவால் தத்துப்பூச்சியோட குஞ்சு | செடிக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, விட்டுடலாம் |
| மேல் இலை வெளுத்த புள்ளி, அடியில கருப்பு வார்னிஷ் சொட்டு | லேஸ் பக் | இலை பிசுபிசுக்காது, இறக்கை வலை மாதிரி |
| பேப்பர்ல விழுந்த தூசி நடக்குது, தேச்சா கறை | சிலந்திப்பேன் | எட்டுக்கால், மெல்லிய நூலாம்படை |
| எச்சில் மாதிரி நுரை | நுரைப்பூச்சியோட குஞ்சு | நுரையைத் துடைச்சா உள்ள ஒருத்தர் இருப்பார் |

இந்தப் பிசுபிசுப்புக்கு ஒரு காரணம் இருக்கு, அது தெரிஞ்சா பாதி வேலை மிச்சம். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எல்லாம் செடியோட சர்க்கரை ஓடற குழாய்ல வாய் ஊசியைக் குத்தி உக்காந்திருக்கும். அதுல சர்க்கரை ஏகத்துக்கு இருக்கும், புரதத்துக்கான சத்து கம்மி, அதனால நிறைய குடிச்சு மிச்ச சர்க்கரையைப் பின்னாடி விட்டுடும். அதுதான் கீழ் இலையில விழுந்து பிசுபிசுக்குது, அது மேல கரும்பூசணம் வளருது, அந்தச் சர்க்கரையைத் தின்னத்தான் எறும்பு வருது. லேஸ் பக் சர்க்கரைக் குழாய்க்கே போகாம இலையோட செல்லைக் குத்திக் குடிக்கும், சிலந்திப்பேனும் அப்படித்தான், அதனால பிசுபிசுப்பே வராது. இலை பிசுபிசுக்குதா இல்லையான்னு விரலால தொட்டுப் பாத்தாலே பட்டியல்ல பாதி பேரை அடிச்சுடலாம். ஒரு எச்சரிக்கை, எறும்பை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, சில செடிங்க இலைக்காம்புலயே தேன் சுரக்கும், அங்க பூச்சியே இல்லாட்டியும் எறும்பு வரும்.

செதில் பூச்சிக்கு வருவோம். ஊசி முனையால அந்த மருவை ஓரத்துல நெம்புங்க. மேல் மூடி மட்டும் தனியா கழண்டு, அடியில மஞ்சளா ஆரஞ்சா சின்ன உடம்பு செடியிலயே நின்னுச்சுன்னா அது கவசச் செதில். மூடியும் உடம்பும் ஒண்ணாவே வந்துச்சுன்னா மெல்லுடல் செதில். இந்த வித்தியாசம் ஏதோ புத்தகப்புழுக்களுக்கான சமாச்சாரம்னு நெனச்சேன், இல்ல. மெல்லுடல் செதில் பிசுபிசுப்பு விடும், கவசச் செதில் விடாது. காரணம் அதேதான், கவசச் செதில் சர்க்கரைக் குழாய்ல குடிக்கறதில்ல. அதனாலேயே வேர்ல ஊத்தி செடிக்குள்ள ஏத்தற இமிடாகுளோபிரிட் கவசச் செதிலுக்குப் பெருசா கேக்காது. மண்ணுல விஷத்தை ஊத்தி, பூவுக்கு வர்ற தேனீக்கும் கொஞ்சம் குடுத்து, செதில் மட்டும் அப்படியே நிக்கும்.

இன்னொண்ணு, என் சொந்தக் கதை. ஒரு செடியில செதில் மேல மூணு வாரம் எண்ணெய் அடிச்சேன், போகவே இல்ல, எண்ணிக்கை ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல. கடைசியில எரிச்சல்ல ஊசியால புரட்டிப் பாத்தா உள்ள காஞ்ச தூசி. எப்பவோ செத்துப் போன ஓடுக மேல மூணு வாரம் அடிச்சிருக்கேன்! செத்தாலும் அந்த ஓடு மாசக்கணக்குல தண்டுல ஒட்டியே இருக்கும். ஓட்டுல வட்டமா சின்ன ஓட்டை இருந்துச்சுன்னா இன்னும் சந்தோஷம், அது குட்டிக் குளவி உள்ள செதிலைத் தின்னு வளந்து வெளிய போன வாசல். அசுவினியிலயும் இதே மாதிரி, உப்பிப் போய் தவிட்டு நிறத்துல தோல் மாதிரி ஒட்டிட்டு இருக்கறது குளவி முட்டை வச்ச மம்மி. மம்மி நிறைய தெரிஞ்சா மருந்து பாட்டிலைக் கீழ வச்சுடுங்க.

இப்ப அந்தப் பொறிவண்டு விஷயம். கிரிப்டோலீமஸ்னு ஒரு பொறிவண்டு, அதோட புழு அச்சு அசல் மாவுப்பூச்சி வேஷம் போட்டிருக்கும், வெள்ளை மெழுகு முடி சும்மா தொங்கும். ஆஸ்திரேலியாவுல இருந்து 1891லயே கலிபோர்னியாவுக்குக் கொண்டு போய் மாவுப்பூச்சி மேல விட்டாங்க, அப்புறம் உலகத்துல பல நாட்டுக்குப் போயிடுச்சு. லென்ஸ்ல பிரிக்கறது ரொம்ப சுலபம். மாவுப்பூச்சி வளந்தாலும் மூணு நாலு மில்லிமீட்டர்தான், இந்தப் புழு 13 மில்லிமீட்டர் வரைக்கும் போகும், மெழுகு நீளமா கலைஞ்சு கிடக்கும், குச்சியால தொட்டா விறுவிறுன்னு நடக்கும். கூட்டத்துல ஒருத்தர் மட்டும் பெரியவரா இருந்து வேகமா நடந்தா அவர் சாப்பிட வந்தவர்! கண்ணாடி இறக்கைப் பூச்சியோட புழுவுல சிலது இன்னும் கில்லாடி, தின்ன பூச்சியோட தோலையும் மெழுகையும் முதுகுல மூட்டை கட்டிட்டு அலையும், பாத்தா பஞ்சு நடந்து போற மாதிரி இருக்கும்.

லென்ஸோட மறைமுகச் செலவு பொறுமைதான். முதல் ரெண்டு மூணு தடவை ஒண்ணும் புரியாது, எல்லாமே வெள்ளைக் கட்டியாத்தான் தெரியும். மெழுகு மறைக்குதுன்னா பஞ்சுல 70 சதவீத ஆல்கஹாலைத் தொட்டு அந்த வெள்ளை மேல வைங்க, மெழுகு நனைஞ்சு படிஞ்சு உள்ள இருக்கற உடம்போட நிறம் தெரியும். உடம்பே இல்லாட்டி அது பூஞ்சையோ செடியோட சொந்த முடியோ. நிறம் சும்மா அழகுக்கு இல்ல. செம்பருத்தில வர்ற இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியை நசுக்கினா சிவப்பா வரும், பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் உடம்பு, ஆல்கஹால்ல போட்டு ஒண்ணு ரெண்டு நாள் வச்சா கருத்துப் போகும். முதுகுல ரெண்டு கருங்கோடும் பின்னாடி ரெண்டு நீளவாலும் இருந்தா வால் மாவுப்பூச்சி. இதுக்கு மேல லென்ஸ் போகாது.

## போன் ஆப்

வேகம்னா இதுதான். கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் ரெண்டுலயும் பத்து செகண்ட்ல ஒரு பேர் வந்துடும். பெரிய பூச்சி, இறக்கையில டிசைன் இருக்கற பூச்சின்னா அசத்தும். சாறு உறிஞ்சுற குட்டிப் பசங்ககிட்டதான் தடுமாறுது, ஏன்னா பிரிச்சுக் காட்டற அடையாளமெல்லாம் மெழுகுக்கு அடியில இருக்கு, போன் கேமரா மெழுகைத்தான் படம் எடுக்குது.

நான் ஏமாந்தது இங்கதான். ஒரு ஆப்ல (பேர் வேணாம்) போட்டோ போட்டேன், மாவுப்பூச்சின்னு சந்தேகமே இல்லாத மாதிரி சொல்லுச்சு, நானும் நம்பி பிரஷ் வச்சு ஒண்ணு விடாம தேச்சுக் கழுவிட்டேன். ரெண்டு வாரத்துல முன்னை விட அதிகமா மாவுப்பூச்சி. பழைய போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தப்பதான் தெரிஞ்சது, நான் தேச்சு எடுத்ததுல பெருசா இருந்த நாலஞ்சும் பொறிவண்டுப் புழு. ஆப்பைத் திட்டறதுல அர்த்தமில்ல, நான் குடுத்தது மேல இருந்து எடுத்த ஒரே ஒரு படம், அதுல அளவும் தெரியாது, நடந்ததும் தெரியாது.

ஆப் எப்படியாவது ஒரு பேரைக் குடுத்துடும், அதுவும் இனத்தோட பேரா, லத்தீன்ல, பாத்தா மலைப்பா இருக்கும். அந்தப் பெரிய பேரைப் பாத்து நாமளே நம்பிடறோம், அதுதான் ஆப்போட மறைமுகச் செலவு. அதனால ஆப் சொல்ற இனத்தை விட்டுட்டு அது எந்தக் குடும்பம்னு மட்டும் எடுத்துக்கங்க. மூணு நாலு போட்டோவை வேற வேற கோணத்துல போட்டு எல்லாத்துக்கும் ஒரே குடும்பம் வந்தா நம்பலாம், ஒரு படத்துக்கு அசுவினி இன்னொண்ணுக்கு செதில்னு வந்தா அது ஊகம் பண்ணுதுன்னு அர்த்தம்.

போட்டோ எடுக்கறப்ப இலையோட அடிப்பக்கம், பூச்சியோட பக்கவாட்டு, செடியோட முழுசு, மூணும் வேணும். வெளிச்சம் பக்கத்துல இருந்து சாய்வா விழட்டும், நேரா பிளாஷ் அடிச்சா மெழுகு வெளுத்துப் போய் ஒண்ணும் தெரியாது. அளவு தெரிய பக்கத்துல ஸ்கேலோ பல்குச்சி முனையோ வைங்க. போன்ல மாட்டற கிளிப் மேக்ரோ லென்ஸ் இருந்தா நல்லது, இல்லாட்டி அந்த 10 எக்ஸ் கைலென்ஸையே போன் கேமரா மேல ஒட்டிப் பிடிச்சு எடுத்தா ஆச்சரியமா வரும்.

## தெரிஞ்சவங்ககிட்ட கேக்கறது

அனுபவசாலி ஒருத்தர் கிடைச்சா ஆப்பை விட நூறு மடங்கு மேல், ஏன்னா அவர் திரும்பக் கேள்வி கேப்பார். எந்தச் செடி, எந்தப் பக்கம், தொட்டா நகருதா, பிசுபிசுப்பு இருக்கா, இதெல்லாம் கேக்கறவர்தான் விஷயம் தெரிஞ்சவர். போட்டோவோட ஒரு பத்து செகண்ட் வீடியோ அனுப்புங்க, குச்சியால தள்ளறப்ப எடுத்தது, அது பத்து போட்டோவுக்கு சமம்.

ஆனா பத்து பேர்கிட்ட கேட்டா என்ன ஆகும்னா, பூச்சி பேரைக் கேட்டா மருந்து பேரு வரும். யாரும் அது என்னன்னு சொல்ல மாட்டாங்க, எதை அடிக்கணும்னு மட்டும் சொல்லுவாங்க, அதுவும் ஆளுக்கு ஒண்ணு. முதல்ல ஒருத்தர் மாவுப்பூச்சின்னு சொல்லிட்டா அடுத்து வர்றவங்க போட்டோவைத் திறக்காமலே ஆமாம்னு சொல்லிடறதும் உண்டு. ஐநேச்சுரலிஸ்ட்ல நம்ம போட்டோவுக்கு மத்த ஆளுங்களும் பேர் சொல்லுவாங்க, அங்க ஒரு இனத்தோட பேர் உறுதியாகணும்னா பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப் போகணும்னு கணக்கு இருக்கு, நல்ல ஏற்பாடுதான், ஆனா ரெண்டே பேர் ஒத்துக்கிட்டாலும் அந்தக் கணக்கு நிறைஞ்சுடும், அதனால எத்தனை பேர், எதை வச்சு சொன்னாங்கன்னும் பாருங்க. யார் பதில்ல காரணம் இருக்கோ அவங்க பதிலை எடுத்துக்கங்க. "பின்னாடி குழாய் தெரியுது, அதனால அசுவினி"ன்னு ஒருத்தர் எழுதினா அது பதில். "இதுதான், என் செடியிலயும் வந்துச்சு"ங்கறது வெறும் ஆறுதல்.

## லேபுக்கு அனுப்பறது

விவசாயப் பல்கலைக்கழகங்கள்ல பூச்சியியல் துறை இருக்கும், சில இடத்துல தாவர நோய் பாக்கற கிளினிக், மியூசியம் மாதிரியும் இருக்கும். இனம் என்னன்னு உறுதியா வேணும்னா வேற வழியே கிடையாது. ஏன்னா மாவுப்பூச்சியும் செதிலும் இனம் பிரிக்கறது வளந்த பெண் பூச்சியை வச்சுத்தான். அதை காரக் கரைசல்ல (ஆல்கலி) ஊற வச்சு உள்ள இருக்கறதெல்லாம் கரைச்சு எடுத்து, சாயம் ஏத்தி, கண்ணாடி ஸ்லைடுல தட்டையா பதிச்சு, மைக்ரோஸ்கோப்ல தோல்ல இருக்கற நுண்துளையும் குழாயும் எண்ணுவாங்க. இதைத்தான் போட்டோ பாத்து பத்து செகண்ட்ல சொல்லுன்னு ஆப்கிட்ட கேக்கறோம்.

வெள்ளை ஈயில இன்னொரு விசித்திரம். நம்ம கண்ணுக்கு நல்லா தெரியற, பறக்கற ஈ இனம் பிரிக்க பெருசா உதவாது. இலைக்கடியில அசையாம இருக்கற கடைசிப் பருவக் குஞ்சோட கூட்டை வச்சுத்தான் பேர் சொல்லுவாங்க. கஷ்டப்பட்டு ஈயைப் பிடிச்சு பாட்டில்ல போட்டு அனுப்பினா பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க, இலையை அனுப்பணும்.

அனுப்பற முறை தப்பாச்சுன்னா மொத்தமும் வீண், அதுதான் இங்க மறைமுகச் செலவு. மாவுப்பூச்சி, அசுவினி எல்லாம் ஆல்கஹால்ல போடணும், மைக்ரோஸ்கோப்புக்குன்னா 70 சதவீதம், டிஎன்ஏ பாக்கணும்னா 95 சதவீதம். செதிலையும் வெள்ளை ஈக் கூட்டையும் இலை தண்டோட பேப்பர்ல மடிச்சு காய வச்சு அனுப்பலாம். பிளாஸ்டிக் கவர்ல ஈரத்தோட போட்டா போய்ச் சேரறப்ப பூஞ்சைதான் இருக்கும். ஆல்கஹால்ல போட்டா நிறமும் மெழுகும் போயிடும், அதனால அதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்கங்க. எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்தத் தேதி, எந்த இடம்னு பென்சில்ல எழுதி உள்ளயே போடுங்க, பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சிடும். உயிரோட அனுப்பாதீங்க, ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குன்னா அனுமதி இல்லாம அனுப்பவே கூடாது.

நேரமும் ஆகும். பதில் வர்றதுக்குள்ள செடி தேறியிருக்கும், இல்லாட்டி போயே போயிருக்கும்.

அப்ப யாருக்குத்தான் இது வேணும்? எதிரிப் பூச்சியை வாங்கி விடணும்னு நெனைக்கறவங்களுக்கு கண்டிப்பா வேணும். குட்டிக் குளவிகள் பலது ஒரே ஒரு இனத்துல, இல்லாட்டி நெருங்கின சொந்தத்துல மட்டும்தான் முட்டை வைக்கும், பக்கத்து இனத்தைத் திரும்பிக் கூடப் பாக்காது. இதுக்கு ஒரு பெரிய உதாரணமே இருக்கு. 1970கள்ல ஆப்பிரிக்காவுல மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி நாசம் பண்ணுச்சு. அதோட சொந்த ஊர் தென் அமெரிக்கான்னு அங்க போய் தேடினாங்க, வடக்குப் பக்கத்துல மரவள்ளி மேலயே மாவுப்பூச்சி கிடைச்சது, அதைத் தின்ற எதிரிகளைக் கொண்டு வந்து விட்டா வேலை செய்யல. ஏன்னா அது பாக்க அதே மாதிரி இருந்த வேற இனம். 1981ல பராகுவேயில உண்மையான ஆளைக் கண்டுபிடிச்சு, அதோட குளவியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போன பிறகுதான் அடங்குச்சு. இந்த வேலைய முன்னாடி நின்னு நடத்தின ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கிடைச்சது. நர்சரி வச்சு செடி விக்கறவங்க, நிறைய செடியில ஒரே நேரத்துல பரவறதைப் பாக்கறவங்க, இதுவரைக்கும் பாத்தே இல்லாத ஒண்ணைப் பாத்தவங்க, இவங்களுக்கும் லேப்தான்.

## உங்க நிலைமைக்கு எது

ஒண்ணு ரெண்டு செடி, கொஞ்சம் பூச்சி, நேரம் இருக்கு: லென்ஸ். யோசிக்கவே வேணாம். ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் வரும், அடுத்த தடவை யாரையும் கேக்க வேண்டியதில்ல.

பூச்சியே இதுவரைக்கும் கவனிச்சதில்ல, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல: ஆப்ல ஆரம்பிங்க, ஆனா ஆப் சொன்ன பேரை வச்சு உடனே எதையும் அடிக்காதீங்க. அந்தப் பேரை மேல இருக்கற பட்டியல்ல தேடி, அதுக்கு நேரா இருக்கற சாட்சி உங்க செடியில இருக்கான்னு பாருங்க. இருந்தா சரி.

கண் பார்வை ஒத்துழைக்கல, கை நடுங்குது: மேக்ரோ போட்டோ, வீடியோ, தெரிஞ்ச ஒருத்தர். பத்து பேர் வேணாம், காரணம் சொல்ற ஒருத்தர் போதும்.

அசுவினி மாதிரி வேகமா பெருகுது, பதில் இன்னும் வரல: தண்ணியை வேகமா அடிச்சு இலைக்கடியைக் கழுவிடுங்க. அசுவினியும் சிலந்திப்பேனும் நிறைய விழுந்துடும், செதிலுக்கு ஒண்ணும் ஆகாது, விஷம் இல்லாததால தப்பா கணிச்சிருந்தாலும் பெரிய கேடு இல்ல. கழுவறதுக்கு முன்னாடி நாலஞ்சு பூச்சியை ஆல்கஹால்ல எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி லேபுக்குப் போகணும்னு தோணுச்சுன்னா சாட்சி வேணும்ல.

மருந்து, முக்கியமா வேர்ல ஊத்தற மருந்து, அடிக்கறதுன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டீங்க: அதுக்கு முன்னாடி குறைஞ்சபட்சம் லென்ஸ்ல குடும்பத்தை உறுதி பண்ணிடுங்க, உயிரோட இருக்கான்னும் புரட்டிப் பாத்துடுங்க, நான் மூணு வாரம் ஓட்டுக்கு எண்ணெய் அடிச்ச மாதிரி ஆகாம.

லென்ஸ்ல ஒண்ணு தோணுது, ஆப் வேற சொல்லுது, ரெண்டுல எதை நம்பறதுன்னு தெரியலைன்னா ஒரு கிளையில நூல் கட்டி அடையாளம் வைங்க. அதுல எத்தனை பூச்சி, எத்தனை பெருசு எத்தனை சிறுசுன்னு எண்ணி எழுதிட்டு நாலு நாள் கழிச்சு திரும்ப எண்ணுங்க. சிறுசுக கூடிட்டே போனா அது பெருகற ஆளு. சிறுசுக கொறைஞ்சு, காலித் தோலா கிடந்து, பெருசு ஒண்ணு ரெண்டு மட்டும் இன்னும் கொழுத்திருந்தா அதைத் தொடாதீங்க.